ஊரும் உரிமையும்

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் விடுப்புப் பயணச் சலுகை பெறுவதற்குத் தம் சொந்த ஊர் இன்னதென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிய ஊரைப் பணிக்காலம் முழுவதிலும் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்ற இயலும். மர்பி டவுனில் வாழும் நம்மில் பலர் அவ்விடத்தில் வேலூரைச் சார்ந்த சிற்றூர் ஒன்றையோ, தருமபுரியைச் சார்ந்த சிற்றூர் ஒன்றையோ எழுதியிருக்கிறோம். அவ்வூரில் நமக்கு வீடில்லை, நிலமில்லை, நம்மைப் பெயர் சொல்லி அழைப்பாரும் அருகிவிட்டனர். நம் பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அல்சூர் ஏரிக்கரையில்தான். ஆயினும் சொந்த ஊர் என்பதற்கு எதிரே பெங்களூர் என்று எழுத நம் பேனா தயங்குகிறது. இத்தயக்கம் அடக்கத்தின்பாற்பட்டதா, அச்சத்தின்பாற்பட்டதா? ஓர் ஊரை நம் ஊர் என்றும், அதன் மரபை நம் மரபு என்றும் சொல்லும் தகுதி எதனால் வருகிறது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நாம் வாழும் பகுதி ஆங்கிலேயர் வகுத்த தண்டு நகரம். 1809ஆம் ஆண்டளவில் அவர்கள் இங்குப் பாசறை அமைத்தபோது, அவர்களுடன் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், வணிகரும், கொத்தரும், சமையற்காரரும், குதிரைக்காரரும் வந்தனர். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படை அல்சூரை அடுத்துத் தங்கியது. அப்படை வீரர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. நம் குடியிருப்பு முன்னர் நாக்ஸ்பேட்டை எனப்பட்டது. பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. இரண்டும் ஆங்கிலப் பெயர்கள். அங்குக் குடியிருந்தோரோ உழைக்கும் தமிழ் மக்கள்.

நகரின் பழமையைக் காட்ட வருவோர் 1851இல் எழுந்த திரித்துவ ஆலயத்தைக் காட்டுவர். தூண் வைத்த பங்களாக்களைக் காட்டுவர். அவற்றுக்குக் கல் சுமந்தவரின் வீட்டு வரிசையைக் காட்டுவார் அரியர். இக்குறை உண்மையானது; சொல்லத்தக்கது. ஆனால் அதற்கு மருந்தென்று நாம் கைக்கொள்ளும் வாதம்தான் ஆராய்ச்சிக்குரியது.

நம் மேடைகளில் அடிக்கடி ஒரு வாதம் எழுகிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆகவே ஆங்கிலேயனுக்கு நெடுங்காலம் முன்பே நாம் இங்கிருந்தோம். ஆகவே இது நம் மண் என்பதே அவ்வாதம். கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பேகூரில் கி.பி. 890ஐ ஒட்டிய நடுகல் ஒன்று, பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கி, பழங்கன்னடத்தில் நிற்கிறது. முன்வந்தவனுக்கே ஊர் என்று வழக்காடினால், வழக்கு ஆண்டுக் கணக்காகிவிடும். அதில் இன்று வென்றவர் நாளை தோற்பர். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. முந்தாநாள் பிழைப்புத் தேடி வந்த கூலிக்காரனின் குழந்தைக்கு அவ்வாதத்தில் இடமே இல்லை. நம் பாட்டனாரும் ஒருநாள் அவ்வாறு வந்தவர்தாமே?

நிற்க. அக்கல்வெட்டுகள் உண்மையில் என்ன கூறுகின்றன? தேசிமாணிக்கப் பட்டணம் என்று அவை இவ்வூரைச் சுட்டுகின்றன. 1270ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டொன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. கோபுரமன்று, மண்டபமன்று, வாயிலின் இருபுறமும் நிற்கும் இரண்டு நிலைக்கால்கள். இது எனது என்று அவர் எழுதவில்லை. இதனைக் கொடுத்தேன் என்றே எழுதினார். கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. விளக்குக்கு நெய், நந்தவனத்துக்கு நிலம், ஏரிக்குக் கரை என ஒருவர் ஊருக்குக் கொடுத்ததையும், அதனை ஞாயிறும் திங்களும் உள்ளவரை காக்குமாறு பின்வருவாரை வேண்டியதையும் அவை கூறுகின்றன. பட்டாவையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் நாம் வேறுபடுத்தி அறிவோம். பட்டா உரிமையைக் காட்டும். அறக்கட்டளை கடமையை விட்டுச் செல்லும். முன்னோர் விட்டுச்சென்ற அறக்கட்டளையைப் பட்டாவாகப் படிப்பதே நம் பிழை.

ஆங்கிலேயனின் சொந்த நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. யார்க் என்னும் பழநகரில் இடைக்காலத்தில் விவிலியக் கதைகளை வண்டிகளின் மேல் நாடகமாக நடித்துத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றனர். ஒவ்வொரு தொழிற்குழுவுக்கும் ஒரு கதை உரியது. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் தச்சருக்கு. இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோருக்கு. 1569க்குப் பின் நின்றுபோன அந்நாடகங்கள் 1951இல் மீண்டும் உயிர் பெற்றன; இக்காலத்திலும் நகரத்துப் பொதுமக்களே திரளாக நடிக்கின்றனர். அங்கே மதிற்சுவர் மட்டும் மரபாகவில்லை. தன் கைத்தொழிலை ஊர்விழாவில் வைத்தவன் ஊருக்கு உரியவன் ஆனான்.

இதனைக் காண நாம் யார்க்குக்குச் செல்ல வேண்டியதில்லை. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவதைக் கண்டிருக்கிறோம். அதனைத் தலையில் ஏந்துவோர் திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார். தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து முன்னர் வந்தோர் என்று கருதப்படுவோர். அக்கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் சென்று மீள்கிறது. ஏந்துவோர் எங்கிருந்து வந்தவர் என்று அவ்விரவில் யாரும் கேட்பதில்லை. செப்டம்பர் எட்டாம் நாள் சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னையின் தேரின்முன் நிற்கும் கூட்டத்திலும் எல்லாச் சமயத்தாரும் உளர்.

இனி, நம் ஏரிக்கரையிலேயே நிகழ்ந்ததைக் காண்போம். 1991இல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டு நின்றது. எத்தனை நாள் அதனைக் கடந்து சென்றிருப்போம்! 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. உரிமை என்று பதினெட்டு ஆண்டுகள் கேட்டும் விலகாத திரை, இருபுறமும் கொடுத்தபோது விலகியது.

அங்ஙனமாயின் உரிமையை விட்டுவிடுவதா என்று அன்பர் சிலர் வினவலாம். குடிமகன் என்ற முறையில் நமக்குள்ள உரிமைகளைச் சட்டம் தந்துள்ளது. அவற்றை எவர்க்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரின் அன்பைச் சட்டம் தர இயலாது. அதனை ஈட்டத்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று, சொல்லக் கசப்பானது. அழகியார் நிறுத்தியது வாயில். ஆயினும் நம் நாட்டுக் கோயில் வாயில்கள் பல, உழைக்கும் மக்களுள் ஒரு பகுதியாருக்கு நூற்றாண்டுகளாக அடைபட்டே கிடந்தன. அம்மக்களின் வழிவந்தோரும் இந்நகரை நாள்தோறும் பெருக்கித் தூய்மை செய்கின்றனர். நம் அண்டை வீட்டார் அவர்கள். நம் மரபு என்று முழங்கும்போது அந்த 'நம்'மில் அவர்களைச் சேர்த்தோமா? சங்க விழாவில் அவர்தம் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடமுண்டா? பிறர் நம்மை அயலார் என்றால் புண்படும் நாம், நம்முள்ளேயே அயலாரை வைத்திருப்பது எவ்வகையில் முறையாகும்?

கணியன் பூங்குன்றனாரின் பாட்டைத் தோரணந்தோறும் எழுதுகிறோம். எல்லா ஊரும் நம் ஊர் என்றால், எல்லா ஊரின் கடமையும் நம் கடமை என்பதே அதன் பொருள். அண்டை வீட்டாருடன் பேசுமளவு கன்னடம் கற்போம்; நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைத் தவறாது கற்பிப்போம். அல்சூர்ச் சோமேசுவரர் தேர் வரும் நாளில் வடம் பிடிப்போம். ஏரியில் குப்பை கொட்டும் கையைத் தடுப்போம், அது நம் கையாயினும். கல் சுமந்த நம் முதியோரின் பெயர்களையும் கதைகளையும் அவர்கள் உள்ளபோதே எழுதி வைப்போம். ஒருவருக்கு இயன்றது இரண்டு நிலைக்கால்தான் என்றால் அதுவே போதும்.

ஊர் என்னும் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. ஊருக்குக் கொடுத்தவர் அச்சொல்லைத் தயங்காமல் எழுதலாம். நம் பிள்ளைகள் நாளை ஒரு படிவத்தில் சொந்த ஊர் என்பதற்கு எதிரே பெங்களூர் என்று எழுதும்போது, அவர்களுடைய பேனா தயங்காதிருக்குமாறு இன்று நாம் வாழ்வோமாக.