படம் பிடிப்பவன் கடன்

விடுமுறை நாட்களில் நமது பட்டணங்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மோட்டார் கார்களைத் துடைத்து மெருகேற்றி, அன்பர் சிலர் ஒன்றுகூடி மெதுவாக வீதியுலா வருகின்றனர். பழைய கடைவீடுகளின் முன்னரும், கடற்கரைத் திடலின் ஓரத்திலும், இரயில் நிலையத்து வளைவுகளுக்கு எதிரிலும் வண்டிகளை நிறுத்திப் படம் பிடிக்கின்றனர். வண்டி இல்லாதோரும் கைத்தொலைபேசியை நீட்டி அவ்வழகில் பங்குகொள்கின்றனர். இது வெறும் பொழுதுபோக்குத்தானே, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கின்றது என்பதே எமது அபிப்பிராயம். ஒன்றை அழகென்று கண்டு அதன் உருவத்தைத் தனக்கென எடுத்துக்கொள்பவன், அதன் பின்னால் நிற்கும் மனிதருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கின்றானா? இதுவே கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பழைய காரை நேசிப்பது பணக்காரர் செய்யும் வீண் ஆடம்பரம் என்று ஏளனம் செய்வோருடன் யாம் சேரமாட்டோம். மோரிஸ் மைனர் என்ற சிறு காரை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வகுத்த அவ்வண்டி 1948-இல் வெளிவந்தது. செல்வர்க்காக அன்றி, நடுத்தரக் குடும்பத்தார்க்காகவே செய்யப்பட்டது. பத்து இலட்சத்திற்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. உதிரிப் பாகங்கள் எளிதிற் கிடைக்காத இக்காலத்தில் அத்தகைய வண்டியொன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பவனுக்குப் பொறுமையும், கைவினை அறிவும், முன்னோர் செய்த பொருளிடத்து மரியாதையும் வேண்டும். இவை மூன்றும் நற்குணங்களே. பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கு என்று நாள்தோறும் போதிக்கும் உலகில், பழுதானதைச் செப்பனிடுகின்றவன் ஒரு பாடம் கற்பிக்கின்றான். அவ்வழகைப் படமாக்குவதிலும் குற்றமில்லை.

நிற்க. படம் என்பது உள்ளதை உள்ளபடியே காட்டும் கண்ணாடி என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று என்பதைப் புகைப்படக் கலையின் பிறப்பே நமக்குக் காட்டுகின்றது. பிரான்சு தேசத்து லூயி டாகேர் என்பவர் 1838-ஆம் ஆண்டு வாக்கில் பாரீஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றை உயரத்திலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நடமாடிய வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது. காரணம் யாதெனில், அக்காலத்துத் தகட்டில் உருவம் பதியப் பல நிமிஷங்கள் சென்றன. அசைந்துகொண்டிருந்த எவரும் அதிற் பதியவில்லை. வீதியோரத்தில் ஒரே இடத்தில் நின்று காலணிக்கு மெருகு போடுவித்துக்கொண்டிருந்த ஒருவர் மாத்திரம் தெளிவாகப் பதிந்தார். அவர் காலடியில் வேலை செய்துகொண்டிருந்தவனோ ஒரு நிழல்போல் மங்கித் தெரிகின்றான். மனிதன் தோன்றும் மிகப் பழைய புகைப்படம் என்று இதனைக் கூறுகின்றனர். பணிவிடை பெற்றவர் தெளிவாகவும், பணி செய்தவன் மங்கலாகவும், மற்றெல்லோரும் அடியோடு மறைந்தும் போன இப்படத்தை யாம் எண்ணும்போதெல்லாம், இது ஒரு வீதியின் படம் மாத்திரமன்று என்று தோன்றுகின்றது.

இன்றைய கருவியோ இமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் எல்லாவற்றையும் பதித்துவிடும். ஓடுகிறவனும் பதிவான், பறக்கும் பறவையும் பதியும். ஆகவே இன்று படத்திலிருந்து எவரேனும் மறைந்தால், அதற்குக் கருவியைக் குறை கூற இயலாது. மறைப்பவர் நாமே. பழைய காரைக் கடைவீட்டின் முன் நிறுத்துகின்றோம். குப்பை கூட்டும் அம்மையார் அகலும்வரை காத்திருக்கின்றோம். மூட்டை சுமப்பவரைச் சற்றே ஒதுங்கச் சொல்கின்றோம். அப்படியும் யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால், பின்னர் கணினியின் துணையால் அவரைத் துடைத்தெறிகின்றோம். இவ்வாறு மனிதரை நீக்கிய படத்தையே "சுத்தமான படம்" என்று பாராட்டுகின்றோம். மனிதர் எப்பொழுது அழுக்காயினர்?

இக்கேள்வியை அக்காரினிடத்தே கேட்டுப் பார்ப்போம். படத்தில் அதன் விளக்குகளும் வெள்ளி பூசிய முகப்பும் பளபளக்கின்றன. கீழே கறுத்துக் கிடக்கும் சக்கரங்களை எவரும் கவனிப்பதில்லை. அச்சக்கரங்களின் வரலாறு நம் வரலாறு. 1876-இல் பிரேஸில் தேசத்து ரப்பர் விதைகள் இலண்டனுக்குச் சென்றன. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை நிலைநாட்டினார். அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை ஒரே மாதிரிக் காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தார். அத்தனை கோடிச் சக்கரங்களுக்கும் ரப்பர் வேண்டுமல்லவா? 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. அதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம்முடைய பாட்டனும் பாட்டியுமே. விடியுமுன் உளியும் வாளியும் ஏந்தி அவர்கள் காட்டுக்குள் இறங்கினர். கார்கள் உருளும் தார்ச் சாலைகளையும் இரயில் பாதைகளையும் போட்ட கைகளிலும் தமிழர் கைகள் மிகப் பல. ஆகவே, பட்டணத்து மோட்டார் காரும் தோட்டத்து லயமும் ஒரே கயிற்றின் இரு முனைகளாம். ஒரு முனையை மாத்திரம் படம் பிடித்து, கயிறே இல்லை என்று நினைத்தல் தகுமா?

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எம்மைப் போன்றோருக்கு இது நன்கு விளங்கும். செக்ரோல் புத்தகத்தில் ஆளின் பெயர் உண்டு, வந்த நாள் உண்டு, எடை உண்டு, கூலி உண்டு. பெயரில்லாத எடை என்று ஒன்று கணக்கில் இல்லை. ரப்பர் போய்ப் பெரும்பாலும் செம்பனையே நிற்கும் இந்நாளிலும் அவ்விதி மாறவில்லை. ஆனால் அச்சரக்கு வேலியைத் தாண்டியதும் பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. எடை மாத்திரம் கப்பலேறுகின்றது. சக்கரமாக உருண்டு மீண்டும் நம் ஊருக்கே வரும்போது அதிற் கம்பெனியின் பெயர் ஒன்றே பொறித்திருக்கும்.

காருக்குச் சொன்னது நகரத்திற்கும் பொருந்தும். பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் உலக மரபுடைமை என்ற சிறப்பைப் பெற்றன. 2012-இல் ஜார்ஜ் டவுன் சுவர்களில் தீட்டப்பெற்ற சைக்கிள் பிள்ளைகளின் ஓவியத்தின் முன்னே, படம் பிடிப்போர் வரிசையாகக் காத்து நிற்கின்றனர். மகிழத்தக்க விஷயமே. ஆனால் அக்கடைவீடுகளில் முன்னர் வாழ்ந்தோர் யாவர்? வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்திய பழைய சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது. வாடகை ஏறவே, தலைமுறை தலைமுறையாக மாடியிற் குடியிருந்த ஏழைக் குடும்பங்களும் சிறு தொழிலாளரும் பலர் வெளியேறினர். சுவர் நிலைத்தது, சுவருக்குள் இருந்தோர் நிலைக்கவில்லை. சாயமடித்த சன்னலைப் படமெடுக்கின்றவன் அச்சன்னலைத் திறந்து மூடிய கை எங்கே போயிற்று என்று ஒருமுறையேனும் கேட்கவேண்டாமா?

கடல்கடந்து கியூபா தேசத்தையும் நோக்குவோம். அதன் தலைநகராகிய ஹவானாவில் 1940-களிலும் 1950-களிலும் செய்யப்பெற்ற அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுவதை உலகமே படமெடுத்து மகிழ்கின்றது. 1959-இல் அங்கே புரட்சி நிகழ்ந்தது. 1962-இல் அமெரிக்கா முழு வர்த்தகத் தடை விதித்தது. புதிய வண்டியும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. வேறு எஞ்சினைப் பொருத்தியும், கையாலேயே பாகங்களை அடித்துச் செய்தும் மக்கள் அவ்வண்டிகளைக் காப்பாற்றினர். அயல்நாட்டார்க்கு அது வண்ணக் காட்சி; ஓட்டுகின்றவனுக்கோ அது இல்லாமையோடு செய்த போராட்டம், அன்றாடச் சோறு. அவனுடைய கஷ்டத்தைக் காட்சியாக மாத்திரம் காண்பவன் பாதிதான் காண்கின்றான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "ஐயா, ஓர் அழகைக் கண்டு ஒரு கணம் மகிழவும் விடமாட்டீரா? ஒவ்வொரு படத்தின் மேலும் சரித்திர மூட்டையை ஏற்றினால் இன்பம் செத்துவிடுமே!" என்று சிலர் கூறுவர். இது தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் யாம் கேட்கின்றோம்: தாய் அடுப்படியில் வெந்து சமைத்தாள் என்று அறிந்தவனுக்குச் சோறு கசக்கின்றதா? அன்று, உண்ணும் விதமே மாறுகின்றது. அவன் சிந்தாமல் உண்கின்றான். வோல்க்ஸ்வாகன் என்னும் வண்டு வடிவக் காரை அறியாதார் இல்லை. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அக்காருக்கென்று ஜெர்மனியில் எழுப்பப்பட்ட ஆலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். இதனை அறிந்தபின் வண்டியின் வளைவு கோணலாகிவிடுவதில்லை. அழகு அழகாகவே இருக்கின்றது. பார்ப்பவன்தான் முன்னைவிடப் பெரியவனாகின்றான். அறிவினால் அழியும் இன்பம் உண்டாயின், அது அறியாமையின்மேல் கட்டிய இன்பமே.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? சோகப் படமே எடுங்கள் என்று யாம் சொல்லவில்லை. மூன்று சிறு காரியங்கள் போதும்.

ஒன்று: சட்டத்திற்குள் நிற்கும் மனிதரை அப்புறப்படுத்தாதீர்கள். அவர் அங்கே வேலை செய்கின்றவர், வந்துபோகின்றவர் நாமே. அவர் முகம் தெளிவாக விழுமாயின், "எடுக்கலாமா, அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு: ஓட்டும் கை படம் பிடிக்கலாகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையிலேந்திப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் இது அறத்தின்பாற்பட்டதே. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே காட்சியைத் தேடுகின்றவனுக்கு, வீதியைக் கடக்கும் கிழவியும் பள்ளிப் பிள்ளையும் மனிதராகத் தெரியாமல் காட்சியின் பகுதியாகிவிடுகின்றனர். வண்டியை நிறுத்தி இறங்கிப் படமெடுங்கள்.

மூன்று: படத்தின் கீழே எழுதுங்கள். காரின் பெயரையும் ஆண்டையும் எழுதுகின்றீர்கள், நன்று. அதனைச் செப்பனிட்ட மெக்கானிக் யார், அக்கடைவீட்டில் என்ன தொழில் நடந்தது, யார் குடியிருந்தார் என்பதையும் விசாரித்து இரண்டு வரி சேர்த்திடுங்கள். விசாரித்தால் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் சொல்லுவார்.

தோட்டத்து நேயர்களுக்கும் பட்டணத்து நேயர்களுக்கும் முடிவாக ஒரு வேண்டுகோள். நம்மிற் சிலர் வீட்டுப் பெட்டிகளில் பழைய படங்கள் இருக்கும். துரையின் காரோ முதலாளியின் காரோ நடுவே நிற்க, பக்கத்தில் காக்கிச் சட்டையுடன் ஒருவர் கைகட்டி நிற்பார். காரின் எண் பலகையைத் தெளிவாக வாசிக்கலாம். அதனை ஓட்டினவர் பெயரை எவரும் எழுதி வைத்திருக்கமாட்டார். வீட்டுப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அப்படத்தை அவர்கள் முன் வைத்து, "தாத்தா, இவர் யார்? எந்த லயத்தில் இருந்தார்?" என்று கேளுங்கள். சொல்லும் பெயரைப் படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய படம் எடுக்கப் புறப்படுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.