கூட்டத்தின் கணக்கு

சிங்கவால் குரங்குகளைச் சோலைக்குள் நின்று எண்ண முடியாது. உச்சிக்கிளையில் வெடிப்பலாவைப் பிய்த்துக்கொண்டிருப்பதையே இலைமறைவில் இன்னொருமுறை எண்ணிவிடுவோம். மரங்களுக்கு நடுவே வெளி விழுந்த இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். வால்பாறையில் சாலைக்கு மேலே குரங்குகளுக்காகக் கட்டியிருக்கும் தொங்குபாலம் அப்படியோர் இடம். ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். கணக்கு தவறுவது பெரும்பாலும் தாயின் வயிற்றைக் கவ்வியிருக்கும் குட்டியில்தான்.

*

ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் 15, 20 தேறும். வளர்ந்த கடுவன் பல கூட்டங்களில் ஒன்றே ஒன்று. மற்றவை மந்திகளும் அவற்றின் பிள்ளைகளும். பெண்குட்டி பிறந்த கூட்டத்திலேயே வளர்ந்து, தாயாகி, பாட்டியாகும். ஆண்குட்டி தலையெடுத்ததும் வெளியேறும். தூரத்திலிருந்து நம் காதுக்கு எட்டும் உரத்த கூவல் கடுவனுடையது. அதைக் கேட்டு அதன் கூட்டம் என்கிறோம். அதுவோ வந்து சேர்ந்தது. என்றாவது இன்னொன்றுக்கு வழிவிடும்.

*

அதே மலையில் வாழும் இன்னோர் இனமான கருமந்தியின் கூட்டம் சிறியது. இடம் கிடைக்காத ஆண்கள் தனியாகவோ தமக்குள் சேர்ந்தோ திரியும். நாட்டுக்குரங்கின் வழக்கம் வேறு: ஒரே கூட்டத்தில் பல கடுவன்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு பேன் பார்த்தபடி இருக்கும்.

கூட்டம் பெரிதாக இருந்தால் பழமரத்தை அடுத்த கூட்டத்திடம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்கள் கூடினால் மரம் சீக்கிரம் காலியாகும், நடை கூடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ அளவு நிற்கிறது.

*

கர்நாடகத்தின் தார்வாட்டில் 1960-களில் சாம்பல்மந்திகளைக் கவனித்த ஆய்வாளர் யூக்கிமாரு சுகியாமா, புதிய கடுவன் கூட்டத்தைப் பிடித்தபின் பால்குடிக் குட்டிகள் கொல்லப்படுவதைப் பதிவு செய்தார். பாலூட்டுவது நின்ற தாய் விரைவில் மறுபடி சினையாகும். ஓர் ஆண் மாறியதற்கான விலை குட்டிகளின் கணக்கில் விழுகிறது.

*

வால்பாறையின் புதுத்தோட்டம். ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராத காடு, சுற்றிலும் தேயிலை. வெளியேற வேண்டிய ஆண் எங்கே போகும்? அங்கே சிங்கவால் குரங்குக் கூட்டம் பெருத்தது, பிரிந்தது, தரைக்கு இறங்கியது, வீடுகளின் கூரையேறியது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது செழிப்பு.

*

காட்டில் சிங்கவால் மந்தி முதல் குட்டியை ஈன ஆறேழு வயதாகும். அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய மூன்றாண்டு. இந்த நிதானத்தால் ஒரு காட்டின் கேடு மொத்த எண்ணிக்கையில் தெரியவே காலமாகும். பழைய மந்திகள் உயிரோடு இருக்கும்வரை 20 என்பது 20 ஆகவே நிற்கும். நான்கு கைக்குட்டிகளோடு 12 பேர் இருக்கும் கூட்டத்தை நம்பலாம். குட்டியே இல்லாத 20 பேரை நம்ப முடியாது. ஆகவே கணக்கெடுப்பவர் குட்டிகளை முதலில் எழுதட்டும். மொத்தத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம்.