விரற்கடை ஆழம்

கோடியக்காடு தாண்டியதும் நிலம் தீர்ந்துபோகிறது. கோடியக்கரை முனையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. உள்ளே காடு, சதுப்பு, உப்பளம். 1967 முதல் சரணாலயம். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழை ஓய்ந்த தை மாதம் பறவை பார்க்க நல்ல பருவம்.

கூட வருகிறவர்கள் இருவர். ஒருவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் உப்பளத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த பெரியவர்.

*

பெரியவர் பைனாகுலரைத் தொடுவதே இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் முகத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கிறார்.

"வாடை அடிக்குது தம்பி. தண்ணியத் தெக்கால தள்ளியிருக்கும். வடக்கோரம் சேறு வெளிய தெரியும், வாங்க."

சொன்னபடியே இருக்கிறது. இந்தச் சதுப்பில் தண்ணீர் அவ்வளவு மேலாகக் கிடக்கிறது. காற்று தள்ளினால் நகர்ந்துவிடும். அது விட்டுப்போன சேற்றைத் தேடிப் பறவை வரும். நேற்று கூட்டம் நின்ற இடத்தில் இன்று வெயில் மட்டும்தான்.

*

யார் எங்கே மேய்வது என்பதைக் காலும் அலகும் தீர்மானிக்கின்றன. ஈரச் சேற்றின் மேல் உப்புக்கொத்தி: ஓடும், நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். விரற்கடைத் தண்ணீரில் கொசு உள்ளான். அதற்கு அப்பால் பவளக்காலி. இன்னும் ஆழத்தில் பூநாரை. கோட்டானின் வளைந்த நீள அலகு வளைக்குள் போய் நண்டை இழுத்து வரும். ஒரே சேற்றில் இத்தனை பந்தி. ஒன்றின் இலையில் மற்றது கை வைப்பது குறைவு.

*

பூநாரை ஒன்று கிட்டத்தில் மேய்கிறது. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி வைத்துக்கொள்கிறது. நாக்கு தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகோரத்து மெல்லிய தகடுகளில் சிற்றுயிர்கள் தங்குகின்றன. இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்து ஏறும் நிறம். பக்கத்தில் நிற்கும் இளசு இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் சிவக்க வேண்டும்.

*

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல்லாண்டுகள் பறவைகளுக்கு வளையம் இட்டது. பிடித்துக் கொடுத்தவர்களில் பேர்பெற்றவர் பிகாரின் மிர்ஷிகார் சமூகத்து அலி உசேன். பறவை பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். எங்கே இறங்கும், எந்தப் பக்கம் நடக்கும் என்று தெரியாமல் வலை வைக்க முடியாது. வளையத்தில் எண் இருக்கும்; அந்தக் கைப்பழக்கத்துக்குப் பதிவேட்டில் இடமில்லை.

*

கொசு உள்ளான் கூட்டத்தை ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எடை இருபது, முப்பது கிராம். வருவது ஆர்க்டிக் துந்திராவிலிருந்து. அவர் தேடுவது அதுவல்ல. நுனி கரண்டியாக விரிந்த அலகுள்ள உள்ளான் ஒன்று உண்டு. 1980களில் இங்கே பதிவாகியிருக்கிறது. இன்று உலகிலேயே சில நூறுதான் மிச்சம்.

பார்த்து முடித்துவிட்டு, "இல்லண்ணே" என்கிறார். குரலில் ஏமாற்றம் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்புகிறார்.

*

பெரியவர் சேற்றில் விரலை ஊன்றிக் காட்டுகிறார். ஒரு கணு நனைந்திருக்கிறது. "இதுக்கு மேல ஏறினா சின்னது நிக்காது. காஞ்சு போச்சுன்னா எதுவும் நிக்காது." பாத்தியில் தண்ணீர் பார்த்துப் பழகிய கை.

சரணாலயத்துக்கு எல்லைக்கல் நடலாம். இந்த ஒரு கணு ஆழத்துக்கு நட முடியாது. அது மழையைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது, மேலே எவரெவரோ திறக்கும் மதகையும் அடைக்கும் வாய்க்காலையும் பொறுத்தது. வேலிக்குள் ஒரு மரம்கூட வெட்டுப்படாமல் இருக்கும்போதே பறவைகள் வராமல் போகலாம்.

ஆசிரியர் மாணவர்களுக்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பெயருக்கும் எண்ணிக்கைக்கும் முன்னால் இரண்டு கட்டங்கள்: காற்று, தண்ணீர். முதல் இரண்டையும் நிரப்பாதவர் மூன்றாவதை எழுதக் கூடாது என்பது அவர் வகுப்பில் சட்டம்.