கணக்குக் கருவிகளும் கணக்கறிந்த மனமும்

பழம்பொருள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது நெஞ்சம் நெகிழ்வது ஏன்? அதன் பயன் தீர்ந்து நெடுங்காலம் ஆகியிருக்கலாம். அதனினும் பன்மடங்கு திறன் வாய்ந்த கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கலாம். எனினும் பழையதைக் குப்பையில் இடக் கை துணிவதில்லை. இந்நெகிழ்ச்சி மதிக்கத்தக்க உணர்வுதானா, அன்றி முதுமையின் தடுமாற்றமா என்பதைச் சற்றே ஆராய விழைகின்றோம்.

மாதுங்காவில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை அண்மையில் காலி செய்தபோது, அலமாரியின் அடித்தட்டில் மூன்று பொருள்கள் கிடைத்தன. தமையனார் பொறியியல் கல்லூரியில் பயன்படுத்திய ஸ்லைடு ரூல் ஒன்று. அட்டை பிய்ந்த கிளார்க் மடக்கை அட்டவணை ஒன்று. அலுவலகத்தார் ஏலத்தில் விட்டபோது நாம் வாங்கி வைத்த, கைப்பிடி சுழற்றும் கணக்கு எந்திரம் ஒன்று. பேத்தி ஸ்லைடு ரூலை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "தாத்தா, இந்த அளவுகோலில் கோடுகள் ஏன் சம இடைவெளியில் இல்லை?" என்று வினவினாள். "அதில்தானம்மா சூட்சுமமே இருக்கிறது" என்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கை முறையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் எளிதாக்கும் முறை அது. அதனைக் கோல்களில் பொறித்து, ஒன்றையொட்டி மற்றொன்றை நகர்த்தினால் விடை கிட்டுமாறு செய்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலங்களும் அணைகளும் விமானங்களும் அக்கோலின் துணையால் உருவாயின. 1972இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் சட்டைப்பைக் கணிப்பான் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூலின் காலம் முடிந்தது.

பிழைப்பு நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த நம்மவருள் பலருக்கு முதலீடாக இருந்தவை தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கணக்குமே. நிலமும் பொருளும் இன்றி வந்தவர்க்கு, பிழையின்றிக் கூட்டத் தெரிந்த தலை ஒன்றே சோறிட்டது. ஆதலின் இக்கருவிகளின்பால் நமக்குள்ள பற்று இயல்பானதே. ஆயினும் பற்று வேறு, நேர்மையான மதிப்பீடு வேறு.

நம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்றவர். 320இல் ஒரு பங்கு முந்திரி, 80இல் ஒரு பங்கு காணி, 20இல் ஒரு பங்கு மா, 16இல் ஒரு பங்கு மாகாணி எனச் சிற்றிலக்கம் முழுவதும் அவர் நாவில் நின்றது. நாம் மடக்கை அட்டவணையை விரித்தபோது, "புத்தகத்தைப் பார்த்துப் போடுவதும் ஒரு கணக்கா?" என்று நகைத்தார். அன்று அவர் நம்மைப் பார்த்து நகைத்தார். இன்று நாம் பேரப்பிள்ளைகளைப் பார்த்து நகைக்கின்றோம். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமைக் காலத்துக் கருவியோடு அறிவு முடிந்துவிட்டதாகக் கருதுமாயின், அக்கருத்தை ஐயுறுவதே முறை.

அன்றியும், அந்நாளைய துன்பத்தை மறைப்பது பொய்யாகும். அந்த எந்திரத்தில் ஓர் எண்ணை 23ஆல் பெருக்க வேண்டுமானால், கைப்பிடியை மூன்று முறை சுழற்றி, ஓரிடம் தள்ளி, மேலும் இரண்டு முறை சுழற்றவேண்டும். மாத இறுதியில் இவ்வாறு நூற்றுக்கணக்கான கணக்குகள். கண் எரியும், தோள் கடுக்கும். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே உருவாக்கிய டிஃப்ராக் கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. நாம் விரல் தேயச் செய்ததை அது நொடியில் செய்தது. அறிஞர் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். கணக்கர் கணிப்பொறி என்ற பெயரைக் கேட்டே அஞ்சினர். 1960களின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, கல்கத்தாவில் ஊழியர்கள் அது உள்ளே நுழையாவண்ணம் இரவு பகலாகக் காவல் நின்றனர். அவர்கள் கருவிகளின் அழகைக் காக்க நின்றவரல்லர். அடுப்பெரிய வேண்டுமே என்று நின்றவர்கள்.

அவ்வாறாயின், நாம் இழந்ததாக ஏங்குவதுதான் யாது? நம் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழை இதற்கு விடை கூறிற்று.

1974ஆம் ஆண்டு. நாம் இளங்கணக்கராக இருந்த அலுவலகத்தில், பணியிலிருக்கும்போதே இறந்துவிட்ட ஒரு தொழிலாளியின் சேமிப்புக் கணக்கை முடித்து அனுப்பினோம். இருப்பு 8000 ரூபாய். ஓராண்டு வட்டி நூற்றுக்கு ஆறு வீதம். எந்திரத்தின் தசமக் குறியை ஓரிடம் தவறாக வைத்துப் படித்து, வட்டி 48 ரூபாய் என எழுதினோம். தாள் போயிற்று, தொகையும் போயிற்று, அவர் மனைவி கைந்நாட்டும் வைத்துவிட்டார். சில நாள் கழித்துத் தலைமைக் கணக்கர் கோப்பைப் புரட்டினார். திருநெல்வேலிச் சீமைக்காரர், எந்திரத்தைத் தொடாதவர். ஒரே பார்வையில், "தம்பி, எட்டாயிரத்துக்கு ஆறு வட்டி நாற்பத்தெட்டா? எண்பது ஆறு எவ்வளவு? எண்ணைப் பார்த்தாய், ஆளைப் பார்த்தாயா?" என்றார்.

விடுபட்ட 432 ரூபாயுடன் அன்று மாலையே நம்மைத் தாராவிக்கு அழைத்துச் சென்றார். பிழை செய்தவன் வாயாலேயே அதனைச் சொல்லவேண்டும் என்றார், சொன்னோம். அந்த அம்மையார் சினக்கவில்லை. "நீங்கல்லாம் படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். நாம் பிழை செய்ததும் பழைய கருவி கொண்டுதான். ஆகவே பழங்கருவி நம்மை நல்லவராக்கிற்று என்று கூறுதல் பொருந்தாது. எந்திரம் இட்டதைச் செய்தது. அதன் விடையை மனத்தால் அளந்து பாராமல் நாம் கையொப்பமிட்டோம். பெரியவரிடம் இருந்தது கருவியன்று. விடை எவ்வளவில் வரும் என முன்னரே மதிக்கும் பழக்கமும், அந்த விடை யார் வீட்டு அடுப்பைச் சென்று சேரும் என்னும் நினைவுமே. நாம் ஏங்குவதற்கு உரியது அதுவே. அதனைக் கருவியின்மேல் ஏற்றிப் பாராட்டுவது, ஆசிரியரை மறந்து பிரம்பை வணங்குவதற்கு ஒப்பாகும்.

எனினும் ஸ்லைடு ரூலுக்கு ஒரு சிறப்பை மறுக்க இயலாது. 2.3ஐ 4ஆல் பெருக்கினாலும், 23ஐ 40ஆல் பெருக்கினாலும், கண்ணாடியிலுள்ள மயிரிழைக் கோடு ஒரே இடத்தில்தான் நிற்கும். 9, 2 என்னும் இலக்கங்களை அது காட்டும். புள்ளி எங்கே என்பதைக் கூறாது. அதனைக் கூறவேண்டியவன் மனிதன். தன் குறையாலேயே அக்கோல் நம்மைச் சிந்திக்கச் செய்தது. இன்றைய கருவி புள்ளியையும் தானே இட்டுத் தருகிறது. அதனால் சிந்திப்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

அந்த விருப்பம் தளரும் இடத்தில்தான் தீங்கு தொடங்குகிறது. ஓய்வூதியம் குறைந்துவிட்டதென முறையிடும் முதியவரிடம், "கம்ப்யூட்டரில் இப்படித்தான் வருகிறது" என்று கூறி அனுப்புவதை இன்று காண்கின்றோம். தாராவிக்கு நடந்து சென்று, "பிழை என்னுடையது" என்று சொல்ல எந்தப் பொறியாலும் இயலாது. அக்கடமை மனிதனிடமிருந்து என்றும் நீங்குவதில்லை. கருவி வளர வளரப் பொறுப்பும் வளர்கிறது. ஒரு தாளில் நேர்ந்த பிழை இன்று ஒரே நொடியில் பல்லாயிரம் பேரைச் சென்று சேரும்.

பேத்தியிடம் ஸ்லைடு ரூலைக் கொடுத்து, 23ஐ 40ஆல் பெருக்கச் சொன்னோம். கோட்டை நகர்த்திப் பார்த்து, "தொண்ணூற்றிரண்டா, தொள்ளாயிரத்து இருபதா, தாத்தா?" என்றாள். "கோல் சொல்லாது, நீதான் சொல்லவேண்டும்" என்றோம். சற்றே எண்ணி, "இருபது நாற்பதே எண்ணூறாயிற்றே, அப்படியானால் தொள்ளாயிரத்து இருபது" என்றாள். பின்னர்த் தன் கைப்பேசியில் சரிபார்த்துக்கொண்டாள். அவ்வரிசை நமக்கு நிறைவளித்தது. முதலில் மனம், பின்னரே கருவி.

எந்திரத்தைப் பழம்பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டோம். ஸ்லைடு ரூல் பேத்தியின் மேசையில் இருக்கிறது.