மெருகுக்கு அடியில்

மங்கலம்பேட்டையில் என் தந்தையார் விட்டுச்சென்ற தேக்கு அலமாரியைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்றேன். அதன் பின்பலகை அடியில் உளுத்திருந்தது. தச்சர் விரலால் தட்டிப் பார்த்து, "பலகையை மாத்தணும் ஐயா. இல்லேன்னா மக்கு அடைச்சு வார்னிஷ் அடிச்சிடலாம், யாருக்கும் தெரியாது" என்றார். இரண்டாவதையே செய்யச் சொன்னேன். வாங்கியவர் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தார். நான் பொய் சொல்லவில்லை; அவர் கேட்கவில்லை.

கேளாத கேள்விக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டா?

'சுஹைலி' என்னும் பாய்மரப் படகு மும்பையில் தேக்கால் கட்டப்பட்டது. நீளம் 32 அடி. அதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, எக்கரையும் அணையாமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். 312 நாட்கள்! வழியில் நீர் கசிந்தபோது கடலுக்குள் இறங்கிப் பலகை இடுக்குகளை அடைத்தார். தென்கடலின் பேரலை அறைக்கூட்டையே அசைத்துவிட்டது. கடல் மெருகைப் பார்ப்பதில்லை, இணைப்பைத்தான் சோதிக்கிறது.

இத்தகைய படகின் உள்மரத்தைப் புதுப்பிப்பவர் முதலில் பழைய வார்னிஷை ரேகையோட்டமாகச் சுரண்டி எடுக்கவேண்டும். தேக்கின் எண்ணெயைத் துடைக்காவிட்டால் புதுப்பூச்சு பிடிக்காது. திருகாணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே ஈரம் நுழைந்திருக்கிறது என்று பொருள். விந்தை என்னவெனில், உப்புநீரைவிட, மேல்தளத்தில் கசியும் மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்கிறது. அடர்ந்த சாயம் அந்தக் கறுப்பை மறைத்துவிடும். ஈரமோ உள்ளேயே தங்கும்.

கண்காட்சியும் காப்பதில்லை. கிரீனிச் அருங்காட்சியகத்தின் கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் சுஹைலியின் பலகைகள் சுருங்கின. பார்வையாளர் கண்ணுக்கு அப்போதும் அது அழகாகவே இருந்திருக்கும். 2002-இல் உரிமையாளரே அதை மீட்டுச் சென்று செப்பனிட்டார்.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் இந்த ஏமாற்று அவ்வளவு எளிதன்று. விரிசல் கண்ட மண்கலத்தின்மேல் மெருகு பூசினாலும் சூளை அதை வெளிப்படுத்திவிடும். மரத்துக்குச் சூளை இல்லை; ஆகவே தச்சனின் மனச்சான்றே சூளை ஆகவேண்டியிருக்கிறது. தச்சரை மட்டும் சொல்வானேன்? முடிவெடுத்தவன் நான்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. அதற்கு முன் குருவானவர் ஒன்றே கேட்டார்: "அந்த அலமாரி இப்போது எங்கே இருக்கிறது?"

விருத்தாசலத்தில்தான் இருக்கிறது, பேருந்தில் அரைமணிப் பயணம். இன்னும் நான் போகவில்லை.