தேய்மானத்திற்கு யார் பொறுப்பு?

உலகில் காணப்படும் குறைகள் இருவகைப்படும். ஒருவன் செய்த குறை ஒன்று. ஒருவரும் செய்யாத குறை மற்றொன்று. கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தவன் இன்னான் என்று சுட்டிக் காட்டலாம். அவனிடம் ஈடு கேட்கலாம். அவனைத் திருத்தவும் செய்யலாம். ஆனால் பல்லாயிரம் பேர் ஏறியிறங்கிக் குழிந்துபோன கற்படியைக் குழித்தவர் யார்? ஒவ்வொருவரும் தத்தம் வேலையாகவே நடந்தனர். ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் படி தேய்ந்தது. மழை நாளொன்றில் மூதாட்டி ஒருத்தி அதில் வழுக்கி வீழ்கிறாள். அவ்வீழ்ச்சிக்குப் பொறுப்பாளர் யார்? ஒருவரும் அல்லர் என்று சொல்லி நாம் அப்பால் சென்றுவிடலாமா?

இவ்வினாவைப் பெரிய தத்துவச் சொற்களால் ஆராய்வதினும், கையால் தொட்டறியத்தக்க ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய்வதே நலம் என்று கருதுகிறோம். அப்பொருள், இலேசான விமானமொன்றின் கண்ணாடி மூடியிலுள்ள தாழ்ப்பாள்.

தலைநகராகிய தில்லியில், சப்தர்ஜங் கல்லறை மாடத்திற்கு அருகில் பழைய விமானத் திடல் ஒன்று உண்டு. 1929-இல் வில்லிங்டன் திடல் என்னும் பெயரோடு தொடங்கிய அவ்விடத்தில் தில்லிப் பறப்புக் கழகத்தார் நெடுங்காலம் இளைஞர்க்கு விமானம் ஓட்டக் கற்பித்தனர். 1962-இல் பயணிகள் விமானங்கள் பாலம் நிலையத்திற்குச் சென்றுவிட்டன. பயிற்சி விமானங்களோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்புக் கருதி நிறுத்தப்படும்வரை அங்கே பறந்துகொண்டிருந்தன. அரசினரின் விமானத் துறைத் தொழில்நுட்ப நிலையமும் அத்திடலை ஒட்டியே அமைந்தது. எஞ்சினின்றிக் காற்றில் மிதந்து செல்லும் ‘ரோகிணி’யை இராமாமிர்தம் என்பாரும், ‘கார்த்திக்’கைக் கணேசன் என்பாரும் அந்நிலையத்தில் வகுத்தனர். முன்னது 1961-இலும் பின்னது 1963-இலும் முதன்முதல் பறந்தன. நம் நாட்டார் தம் கையாலேயே விமானம் வகுக்கக் கற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. விமானத்தை வகுத்தவர் பெயரை வரலாறு சொல்லும். அதன் தாழ்ப்பாளைத் துடைத்துச் செப்பனிட்டவர் பெயரை எந்த ஏடும் சொல்வதில்லை. நாம் பேசப்போவது பெயரில்லாத அத்தொழிலாளரைப் பற்றியே.

சிறு விமானம் பலவற்றில் ஓட்டுபவரின் தலைக்கு மேலே வளைந்த மூடி ஒன்று இருக்கும். கண்ணாடி என்று சொல்லினும் அது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளே. அதனைப் பிடித்து நிறுத்துவது விரலளவுள்ள ஒரு கொக்கியும், அக்கொக்கி மாட்டிக்கொள்ளும் ஓர் எஃகு முளையும், இரண்டையும் விலகாமல் வைக்கும் ஒரு ஸ்பிரிங்குமே. விமானம் பறக்கும்போது வளைந்த மூடியின்மீது காற்று விரைந்து ஓடுவதால் வெளியே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று மூடியை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே, தரையில் தன் எடையாலேயே ஒழுங்காக அமர்ந்திருக்கும் மூடி, வானில் தாழ்ப்பாள் ஒன்றையே நம்பியிருக்கிறது.

அத்தாழ்ப்பாள் தேயும் விதத்தைக் காண்போம். தில்லியின் தை மாதக் காலைக் குளிருக்கும் ஆனி மாதத்து வெயிலுக்கும் இடையே நாற்பது டிகிரி வேறுபாடு உண்டு. அவ்வளவு வெப்பம் ஏறும்போது ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள அலுமினியமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். குளிர்காலத்தில் இலகுவாகப் பொருந்திய கொக்கி கோடையில் முரண்டு பிடிப்பது இதனால் ஆகும். முரண்டு பிடித்தால் மாணவன் ஓங்கி அழுத்துகிறான். இனி, தில்லி மக்கள் ‘ஆந்தி’ என்றழைக்கும் புழுதிக் காற்று வீசுகிறது. தாழில் தடவிய கிரீஸோடு நுண்மணல் கலந்து அரத்தூள் போலாகிறது. தேய்வைத் தடுக்க இட்ட மசகே தேய்க்கும் பொருளாக மாறுகிறது. எஞ்சின் அதிர்வோ ஓயாதது. இவ்வாறு ஒவ்வொரு முறை மூடும்போதும் மயிரிழையினும் குறைந்த அளவு உலோகம் போகிறது. வட்டமாயிருந்த துளை முட்டை வடிவாகிறது. கூராயிருந்த கொக்கியின் விளிம்பு மழுங்குகிறது.

இந்நிலையில் ஒருநாள் மாலை, விமானக் கொட்டகையில் தொழிலாளி ஒருவர் மூடியைச் சாத்துகிறார் எனக் கொள்வோம். கைப்பிடி முழுவதும் திரும்பிவிட்டது. பார்வைக்குத் தாழ் விழுந்துவிட்டது. ஆனால் உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தபோது மூடி சற்றே எழும்பி ஆடுகிறது. மறுநாள் காலை பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் முதன்முதலாகத் தனியே பறக்கவிருக்கிறான். புதிய முளை கையிருப்பில் இல்லை. அது வந்துசேரப் பல நாட்களாகும். நேற்றும் இதே மூடியோடு விமானம் பறந்து திரும்பியது. அவர் என்ன செய்தல் வேண்டும்?

அவர் மனத்தில் மூன்று குரல்கள் எழும். ‘இதை நானா தேய்த்தேன்? எனக்கு முன் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்’ என்பது முதற்குரல். ‘கொக்கியைச் சிறிது வளைத்து இறுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்’ என்பது இரண்டாவது. ‘இதைச் சொன்னால் விமானத்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் என்மேல் எரிந்து விழுவார்கள்’ என்பது மூன்றாவது. இக்குரல்களை இழிந்தவை என்று நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. முதற்குரல் சொல்வது உண்மையே. அவர் அதைத் தேய்க்கவில்லை. மூன்றாவது சொல்வதும் பல இடங்களில் உண்மையே.

ஆயினும் முதற்குரலில் மறைந்துள்ள பிழை ஒன்று உண்டு. குற்றமும் பொறுப்பும் ஒன்றே என்று அது கொள்கிறது. குற்றம் செய்தவனைச் சேரும். பொறுப்போ அறிந்தவனைச் சேரும். மூடி ஆடுவதை அவர் உள்ளங்கை அறியும் முன்னர் அத்தேய்வு யாருக்கும் உரியதன்று. அறிந்த அக்கணமே அது அவருடையதாயிற்று. அவர் அதனைத் தேடிப் போகவில்லை என்பதும், அதற்கு அவர் காரணரல்லர் என்பதும் இவ்வுரிமையை நீக்கமாட்டா. பலருடைய செயல்களும், வெயிலும், மணலும், அதிர்வும் கூடித் தோன்றிய விளைவுக்குத் தனியொரு காரணகர்த்தரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஆனால் அவ்விளைவை மேலும் தொடரவிடாது நிறுத்தக்கூடியவர் ஒருவர் கிடைத்துவிட்டார். அறம் அவரிடமே பேசுகிறது.

இது வெறும் கற்பனை வாதம் என்று நினைப்பவர்க்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டுவோம். 1972-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், கனடாவின் வின்சர் நகருக்கு மேலே பறந்த டி.சி.10 என்னும் பெருவிமானத்தின் சரக்கறைக் கதவு வானிலேயே பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் திறத்தால் அனைவரும் உயிர் தப்பினர். அக்கதவின் தாழ்கள் முழுமையாக மாட்டாதபோதும் வெளிக் கைப்பிடியை இறக்கிவிட முடிந்ததே அதற்குக் காரணம் என்பது தெரியவந்தது. இது தேய்வன்று, அமைப்பிலேயே இருந்த குறை. எனினும் மூடாததை மூடியதாகக் காட்டும் தன்மை இரண்டுக்கும் ஒன்றே. இரு வாரங்களுக்குப் பின், அவ்விமானத்தின் உடற்பகுதியை அமைத்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆப்பிள்கேட் என்னும் பொறியாளர், இக்கதவு மீண்டும் திறந்துகொள்ளும், அதனால் விமானமே அழியும் என்று தம் மேலாளர்க்கு எழுதினார். மேலிடத்தார் அவர் சொன்னதைப் பொய் என்று மறுக்கவில்லை. ஆனால் திருத்தும் செலவு எந்த நிறுவனத்தின் தலையில் விழும் என்னும் கணக்கிலே அவ்வெச்சரிக்கை அமுங்கிப்போயிற்று.

1974-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பாரிசு நகரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட துருக்கி நாட்டு டி.சி.10 விமானத்தின் கதவு அவ்வாறே திறந்துகொண்டது. எர்மனோன்வில் காட்டில் விமானம் வீழ்ந்து 346 பேரும் மாண்டனர். அவ்விமானத்தில் பொருத்தப்பட வேண்டிய தாங்குதகடு பொருத்தப்பட்டுவிட்டதாகத் தொழிற்சாலை ஏடுகளில் சோதகர்களின் முத்திரைகள் இருந்தன. கதவிலோ தகடு இல்லை! அக்கதவைச் சாத்திய எளிய தொழிலாளர்மேல் பழி போடவும் சிலர் முற்பட்டனர். கதவின்மேலிருந்த எச்சரிக்கைகள் அவரால் படிக்க இயலாத மொழிகளில் எழுதப்பட்டிருந்தன. அவர் கைப்பிடியை இறக்கினார், அது இறங்கியது. மூடிவிட்டது என்று கைப்பிடி சொன்னதை அவர் நம்பினார்.

அம்பு தைத்து வீழ்ந்தவன் ஒருவன், எய்தவன் யார், அவன் குலம் யாது என்று அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்கவிடுவேன் என்ற கதையை நம் வாசகர்கள் நன்கறிவர். செலவு யாருடையது என்று கணக்கிட்டவர்களும் அத்தகையவர்களே. வேறுபாடு ஒன்றுண்டு. கதையில் மாள்பவன் கேள்வி கேட்டவன். இங்கே மாண்டவர்களோ ஒரு கேள்வியும் கேளாமல் இருக்கையில் அமர்ந்திருந்தவர்கள்.

இனி இரண்டாவது குரலுக்கு வருவோம். கொக்கியை வளைத்து ஆட்டத்தை நிறுத்துவது பழுதுபார்ப்பதாகுமா? நம் வீடுகளில் தாழ்ப்பாள் ஆடினால் காகிதத்தை மடித்துச் செருகுகிறோம்; ஓசை நிற்கிறது, தேய்வு நிற்பதில்லை. விமானத்திலோ வளைத்த எஃகு பலமிழக்கிறது. வலிந்து இறுக்கிய மூடியில் மயிரிழை விரிசல் தோன்றுகிறது. குறை தீரவில்லை, இடம் மாறியது. மேலும், முன்பு ஆடித் தன் நிலையைத் தெரிவித்த தாழ் இப்போது வாய்மூடிவிட்டது. தேய்ந்த தாழ் அறியாது பொய் சொல்கிறது. அதனை வளைத்து ஒடுக்கியவர் அறிந்தே அப்பொய்யைத் திருத்தமாகச் சொல்லக் கற்பிக்கிறார்.

உண்மையான பழுதுபார்ப்பு அளத்தலில் தொடங்குகிறது. தாழைப் பிரித்து, மணலும் கிரீஸும் போகத் துடைக்க வேண்டும். துடைக்கும் பெட்ரோலோ தின்னரோ அக்ரிலிக்கில் படலாகாது; பட்டால் அது வெடிப்புறும். பின்னர் முளையின் கனத்தையும் துளையின் விட்டத்தையும் மைக்ரோமீட்டர் முதலிய கருவிகளால் அளந்து, விமானத்தைச் செய்தவர் நூலில் விதித்துள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லையைக் கடந்திருந்தால் முளையையும் புஷ்ஷையும் மாற்றவேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதனையும் மாற்றவேண்டும். பழைய முளையையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அதைப்போல் ஒன்றைத் தேடுவது பெரும்பிழை. 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் பயணிகள் விமானமொன்றின் முன்கண்ணாடி வானில் பிய்ந்து தலைமை விமானி பாதியுடல் வெளியே இழுக்கப்பட்ட செய்தியைப் பலரும் கேட்டிருப்பர்; அவர் உயிர் பிழைத்தது வியப்பே. அக்கண்ணாடியை மாற்றியவர் அளவு நூலைப் பாராமல், கழற்றிய பழைய மரையாணிக்கு ஒத்தவற்றைக் கண்ணால் தேர்ந்தெடுத்தார். 90 ஆணிகளில் 84 ஆணிகளின் விட்டம் ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் குறைவாயிருந்தது. அவர் தீயவர் அல்லர், இரவெல்லாம் உழைத்தவர். அவருடைய நல்லெண்ணம் ஆணியைப் பருக்கச் செய்யவில்லை.

எண்ணம் தூயதாயிருந்தாற் போதும் என்று கருதும் நம்மனோர்க்கு இது கசப்பான பாடம். நல்லெண்ணம் வேண்டும், அதனோடு, எண்ணத்தைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விழிப்பும் வேண்டும். பணி முடிந்தபின் ஏட்டில் இடும் கையெழுத்தும் பேச்சே. வாயால் பொய்யுரையாமையை நோன்பாகக் கொண்ட ஒருவர், பாராததைப் பார்த்தேன் என்று கையால் எழுதினால் அந்நோன்பு நிலைத்ததாகுமா? அவர் கையெழுத்தை நம்பியே மாணவன் இருக்கையில் அமர்கிறான்.

ஐயங்கொண்ட இடமெல்லாம் விமானத்தை நிறுத்தினால் எளிய கழகம் எவ்வாறு நடக்கும் என்று சிலர் கேட்பர். நியாயமான வினாவே. ஆனால் நாம் வேண்டுவது அச்சமன்று, அளவு. எல்லைக்குள் இருப்பதை எல்லைக்குள் இருக்கிறது என்றெழுதிப் பறக்கவிடலாம். தேய்வு முற்றும் இல்லாத தாழ் உலகில் இல்லை. எல்லை கடந்ததை மட்டுமே நிறுத்துக என்கிறோம்.

மூன்றாவது குரலுக்கு விடை சொல்ல வேண்டியவர் அத்தொழிலாளி அல்லர், அவருக்கு மேலுள்ளவர். குறையைச் சொன்னவன்மேல் எரிந்து விழும் கொட்டகையில், குறைகள் குறைவதில்லை, சொல்பவர்களே குறைவர். விமானியும் தம் பங்கை மறத்தலாகாது. நெதர்லாந்து நாட்டு விமானி ஒருவர், வானில் மூடி திறந்துகொள்ள, முகத்தில் அறையும் காற்றோடு போராடித் தரையிறங்கிய காட்சியை 2024-இல் தாமே வெளியிட்டார். தாழ் பூட்டிய நிலையில் இல்லாததைப் புறப்படுமுன் தாம் சரியாகச் சோதிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மறைத்திருந்தால் மறைந்திருக்கும். பிறர் தப்பவேண்டும் என்றே சொன்னார். அத்தகைய ஒப்புதலை இகழ்பவர் அடுத்தவரின் வாயை அடைக்கிறவர் ஆவர்.

நம் தொழிலாளியிடம் திரும்புவோம். அவர் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டி, ‘மூடித் தாழ் எல்லை கடந்து தேய்ந்துள்ளது, பறக்கலாகாது’ என்று ஏட்டில் எழுதி, நாளிட்டுக் கையெழுத்திடுகிறார் எனக் கொள்வோம். மறுநாள் மாணவன் முகம் வாடுகிறான், மேலாளர் முணுமுணுக்கிறார். நன்றி கூறுவார் யாருமிலர். நடவாத விபத்தைக் கண்டவர் இல்லையாதலால், அதைத் தடுத்தவரையும் உலகம் காண்பதில்லை. எனினும் செய்யவேண்டியது செய்யப்பட்டது.

தேய்ந்த படியைக் கண்டும் தாண்டிச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் இதனை நினைத்தல் வேண்டும். நம் இல்லங்களிலும், சங்கங்களிலும், ஒருவரோடொருவர் கொண்ட உறவுகளிலும் யாரும் தேய்க்காமலே தேய்ந்துவிட்ட தாழ்கள் பல உள. அவற்றைத் தேய்த்தவர் யார் என்று வழக்காடுவதில் நாள் கழிகிறது. கையில் ஆட்டம் தெரிந்தவர் முதலில் அதை வாய்திறந்து சொல்லட்டும். பின்னர் அளக்கட்டும். பின்னர் மாற்றட்டும்.