மிருகாஸ்பத்திரியில் ஜீவகாருண்யம்

கரமனை அக்கிரகாரத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை வந்தால் திருவனந்தபுரத்தில் அதற்குக் கல்லூரி இல்லை. திருச்சூரை அடுத்த மண்ணுத்திக்கோ வயநாட்டுப் பூக்கோட்டுக்கோ போக வேண்டும். உள்ளே நுழைய நீட் மதிப்பெண் வேண்டும். மொத்தம் 720இல் பாதி உயிரியலுக்குத்தான் என்றாலும், ஒரு மாட்டையாவது தொட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் விண்ணப்பிப்பவர்கள் மிருகங்களோடும் மருத்துவர்களோடும் கழித்த மணிநேரத்தைக் கணக்கெழுதிக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் எதிர்பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. இங்கே அதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அப்படியிருக்க, பிளஸ் டூ பிள்ளை விடுமுறையில் குடப்பனக்குன்று மிருகாஸ்பத்திரியில் போய் நிற்பது வெட்டிவேலையா? இல்லை என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் படிப்பைவிட ஜீவகாருண்யத்தைச் சேர்ந்தது.

ஜீவகாருண்யம் இந்த ஊருக்குப் புதிதல்ல. கண்ணம்மூலையில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள் ‘ஜீவகாருண்ய நிரூபணம்’ எழுதினார். செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ இயற்றினார். கொல்லாமை, புலால் மறுத்தல் என்ற அந்த வழியில் வளர்ந்த பிள்ளை, ‘எனக்கு மிருகம்னா உயிர்’ என்று சொல்லித்தான் இந்தப் படிப்புக்கு வருகிறது. ஆனால் 2014இல் ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது வாத்துகளையும், 2022இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தபோது பன்றிகளையும் கூட்டம் கூட்டமாகக் கொன்ற பணியில் முன்னால் நின்றவர்கள் கால்நடை மருத்துவர்கள். இறைச்சியைப் பரிசோதிப்பதும் பாடத்திட்டத்தில் உண்டு. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயில் துடித்த கன்றுக்கு ஊசி போட்டு உயிரைப் போக்கக் காந்தி சம்மதித்தபோது, அகிம்சைக்கு விரோதம் என்று சமணர்கள் உள்பட பலர் கொதித்தார்கள். அதுவும் அகிம்சையே என்றார் அவர். யார் கட்சி சரி என்பதைவிட, காந்தி அந்தக் கன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுத்தார் என்பதே எனக்கு முக்கியம். கருணை ஓர் உணர்ச்சியாக மட்டும் இருக்கும்வரை அதற்குச் சோதனையே கிடையாது. எதிரே ஓர் உடம்பு கிடக்கும்போதுதான் அது என்ன செய்யும் என்று தெரியும்.

கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கும் பசுவைப் பாருங்கள். காது சில்லிட்டிருக்கும். பால்சுரம், அதாவது ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கழுத்து ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றுவார்கள். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். பாட்டிலை உயர்த்திப் பிடித்தால் மருந்து வேகமாக இறங்கும், தாழ்த்தினால் நிதானப்படும். பிடித்திருப்பது அந்தப் பிள்ளை என்றால், ‘கொஞ்சம் தாழ்த்து’ என்ற ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, கை கடுத்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். பசுவுக்காக உருக அப்போது நேரமில்லை. ஆனாலும் இதைவிடப் பெரிய ஜீவகாருண்யம் எனக்குத் தெரியவில்லை.

படிப்பின் முடிவில்தான் ஓராண்டுப் பயிற்சி இருக்கிறதே என்பார்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசியில் வருவது அது. ‘எனக்கு இது ஆகாது’ என்று அப்போது தெரிந்து என்ன பயன்? வாயில்லா ஜீவனின் வலியை ஒரு பிள்ளையின் மனச்சோதனைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. மாட்டுக்காரர் சம்மதிக்கலாம், மாட்டின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அதனால் எல்லை வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை செய்யலாம் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது நல்லதற்குத்தான். பிள்ளைக்கு உரியவை கயிறோ பாட்டிலோ பிடிப்பது, மேஜை துடைப்பது, பார்ப்பது மட்டுமே, அதுவும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டு. அந்த மிருகத்துக்கு உதவாத எதையும் அந்தப் பிள்ளை செய்யக் கூடாது. பார்க்கப் பார்க்க மனம் மரத்துப்போகாதா என்பவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சிலருக்கு மரத்துத்தான் போகிறது. அதையும் முன்பே அறிவது நல்லது.

அப்படியானால் இதையே சேர்க்கைக்கு விதியாக்கிவிடலாமே என்றால், கூடாது. விடுமுறையில் கடையில் நின்று சம்பாதிக்க வேண்டிய பிள்ளை வெளியே நிற்கும், வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை சான்றிதழோடு வரும். நம்மூரில் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீதை சொல்லும் பலன் கருதாச் செயல் இங்கே தற்செயலாக வாய்த்திருக்கிறது: மதிப்பெண் இல்லாததால், போகிறவர் தன்னை அறியவே போகிறார். இரண்டு வாரம் நின்றுவிட்டு வேண்டாம் என்று திரும்பும் பிள்ளையைக் கருணை குறைந்தவர் என்று சொல்ல மாட்டேன். மண்ணுத்தியில் ஓர் இடம் வேறொருவருக்கு மிஞ்சும்.